மாதம் 5 ரூபாய்த் திட்டமும் நீலகிரிப் பெண்களும்

கேட்டது இதுதான். குன்னூர் பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறித்த பாட்டி, "பிள்ளை பெறாமல் இருந்தால் மாசம் 5 ரூபாய் கணக்கில் ஏறும்" என்று சொல்கிறார். அது உண்மையா? கட்டாயப்படுத்தினார்களா? கருத்தடையே வெள்ளைக்காரன் செய்த சூழ்ச்சி என்கிறார் அப்பா. அது சரியா? கூடலூரில் இருக்கும் சித்தி மகளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்திருக்கிறது, இனி ஆபரேஷன் மட்டும்தான் வழி என்கிறார்கள். அப்படியா?

குன்னூர், கோத்தகிரி பக்கத் தோட்டங்களில் பல வருஷம் பெண்கள் நலப் பணியில் இருந்தவள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். பாட்டி சொல்வது உண்மை. அப்பாவின் சந்தேகத்துக்கும் காரணம் உண்டு, ஆனால் அவர் சொல்லும் காரணம் இல்லை. முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

கருத்தடைப் பேச்சு 1970களில் ஜீப்பில் ஏறி மலைக்கு வந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் அதற்கு அதைவிட வயது அதிகம். 1877இல் லண்டனில் ஒரு வழக்கு நடந்தது. பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடும் வழிகளை விளக்கிய ஒரு சிறு நூலை மறுபடி அச்சிட்டு விற்றதற்காக சார்லஸ் பிராட்லா, அன்னி பெசன்ட் என்ற ஆங்கிலேயச் சுதந்திரச் சிந்தனையாளர்கள் இருவர் மீதும் ஆபாசக் குற்றச்சாட்டு. பெசன்ட் தன் வழக்கைத் தானே வாதாடினார். வருஷா வருஷம் பெற்று, பெற்றதைப் பட்டினிக்குக் கொடுக்கும் ஏழைத் தாய்மார்களைப் பற்றி நீதிமன்றத்தில் பேசினார். ஆறு மாத சிறைத் தண்டனை வந்தது, மேல்முறையீட்டில் சட்ட நுணுக்கம் ஒன்றால் அது ரத்தானது. ஆனால் மறு வருஷமே, இப்படிப்பட்ட தாயிடம் பெண் குழந்தை வளரக் கூடாது என்று அவருடைய மகளை நீதிமன்றம் பிரித்துத் தந்தையிடம் கொடுத்துவிட்டது. கருத்தடை பற்றிப் பேசியதற்குப் பெண்கள் என்ன விலை கொடுத்தார்கள் என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

அதே பெசன்டைத்தான் 1917 ஜூனில் சுயாட்சிக் கிளர்ச்சிக்காகச் சென்னை அரசு ஊட்டியில் வீட்டுக்காவலில் வைத்தது. தோட்டத்தில் சுயாட்சிக் கொடியை ஏற்றிக்கொண்டு அவர் இருந்தது நம் மலையில்தான். பிரம்மஞான சபையில் சேர்ந்த பிறகு, 1891 வாக்கில், கருத்தடைக் கருத்தை அவரே கைவிட்டிருந்தார். ஆனால் அவர் போட்ட விதை அதற்கு முன்பே சென்னையில் முளைத்துவிட்டது. 1882இல் சென்னையில் மால்தூசியச் சங்கம், அதாவது பிள்ளைப்பேற்றைக் கட்டுப்படுத்தச் சொல்லும் சங்கம் ஒன்று தொடங்கியது. அதே ஆண்டு வெளிவரத் தொடங்கிய 'தத்துவ விவேசினி' என்ற தமிழ் இதழின் சுதந்திரச் சிந்தனையாளர்கள் குழந்தை மணத்தையும் அளவில்லாப் பிள்ளைப்பேற்றையும் தமிழிலேயே விவாதித்தார்கள். நடத்தியவர்கள் நம்மவர்கள்.

1928க்குப் பிறகு சென்னையில் புதிய மால்தூசியச் சங்கம் வந்தது. அதில் நீதிபதிகளும் வக்கீல்களும் நிறைய. ஏழைகள் அதிகம் பெறுகிறார்கள், நாட்டுக்குச் சுமை என்பது அங்கே ஓயாமல் கேட்ட பேச்சு. அதே காலத்தில் பெரியார் 'குடி அரசு' இதழில் கர்ப்பத்தடை பற்றி எழுதியது வேறு தளம். மற்றவர்கள் நாட்டின் வறுமை, குடும்பச் சொத்து, பெண்ணின் உடல்நலம் என்று காரணம் காட்டுகிறார்கள், நாமோ பெண் சுதந்திரமாக வாழ்வதற்காகவே இதைக் கேட்கிறோம் என்று அவர் கோடு போட்டுக் காட்டினார். கருத்தடை பற்றி யார் பேசினாலும் இந்தக் கோட்டை வைத்துத்தான் நான் அளந்து பார்ப்பேன். பாட்டியின் 5 ரூபாயையும் அப்படித்தான் அளக்க வேண்டும்.

அரசாங்கம் என்று பார்த்தால், முதலில் கதவைத் திறந்தது பக்கத்து மைசூர் சமஸ்தானம். 1930இல் அரசு ஆஸ்பத்திரியிலேயே கருத்தடை ஆலோசனைக்கு உத்தரவு போட்டார்கள். முதுமலையைத் தாண்டினால் அந்த ஊர், இங்கே நம் பக்கம் எதுவும் இல்லை. 1935 கடைசியில் அமெரிக்கக் கருத்தடை இயக்கத் தலைவி மார்கரெட் சாங்கர் இந்தியா வந்து வார்தாவில் காந்தியைச் சந்தித்தார். மனக்கட்டுப்பாடு ஒன்றுதான் வழி என்று காந்தி உறுதியாக நின்றார். அதே பயணத்தில் சாங்கர் கலந்துகொண்ட திருவனந்தபுரம் அகில இந்திய மகளிர் மாநாடு கருத்தடையை ஆதரித்துத் தீர்மானம் போட்டது.

இந்த இடத்தில் குன்னூரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் ஊர்க்காரர்களுக்கே இது தெரிவதில்லை. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்தார். மில் தொழிலாளர் குடும்பத்துக் கர்ப்பிணிகள் கடுமையான ரத்தசோகையில் செத்துக்கொண்டிருந்தார்கள், இரும்புச்சத்து கொடுத்தும் தேறவில்லை. அந்த ஆய்வை அவர் 1929இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்துக்குக் கொண்டுவந்தார். அங்கே மெக்காரிசனின் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் இருந்தது. அந்தப் பெண்கள் சாப்பிடும் அதே சத்தில்லாத சாப்பாட்டை எலிகளுக்கும் குரங்குகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். ஈஸ்டிலிருந்து எடுத்த மார்மைட்டைக் கொடுத்தபோது ரத்தம் ஊறியது. அதில் இருந்த சத்துக்குப் பல வருஷம் அவர் பெயரையே வைத்து அழைத்தார்கள். பின்னால் அதுதான் ஃபோலிக் அமிலம் என்று தெரிந்தது. இன்றைக்கு மாசமாக இருக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் நர்ஸம்மா கொடுக்கும் மாத்திரையின் வேர் குன்னூரிலும் இருக்கிறது. அடுத்தடுத்துப் பிள்ளை பெறுவதைத் தள்ளிப்போடச் சொல்வதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஒரு பிரசவத்தில் இழந்த ரத்தமும் சத்தும் உடம்பில் திரும்ப ஊறுவதற்குள் அடுத்தது தங்கினால் தாய் தேற முடியாது. வருஷம் முழுக்க ஏற்ற இறக்கத்தில் கூடை சுமக்கும் பெண்ணுக்கு அது இன்னும் கடினம்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1952இல் மத்திய அரசு குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக எடுத்துக்கொண்டது. 1956இலேயே அறுவை செய்துகொள்பவர்களுக்குச் சிறு தொகை கொடுக்கத் தொடங்கியது சென்னை மாநிலம். அதற்குப் பின்னால் இருந்தவர் 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆர்.ஏ. கோபாலசுவாமி. மூன்று பிள்ளைகள் பெற்று, அதில் ஒன்றாவது உயிரோடு இருக்கும்போது, அதற்கு மேல் பெறுவதைத் தாயின் முன்யோசனையின்மை என்றே அவருடைய அறிக்கை வகைப்படுத்தியது. பழி தாய் மேல்! எத்தனை பிள்ளை என்பதை அந்த வீட்டில் அவளா முடிவு செய்தாள் என்று அறிக்கை கேட்கவில்லை. அப்பாவின் சந்தேகத்துக்கு நியாயம் இருப்பதாக நான் சொன்னது இதனால்தான். சூழ்ச்சி வெளிநாட்டிலிருந்து வரவில்லை. ஆனால் பெண்ணை எண்ணிக்கையாகப் பார்த்த கண் நிஜமாகவே இருந்தது.

சரி, 5 ரூபாய்க்கு வருவோம். 1971இல் நீலகிரியின் மூன்று தேயிலைத் தோட்டங்களில் இது தொடங்கியது. நடத்தியது குன்னூரில் தலைமையகம் உள்ள உப்பாசி, அதாவது தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கம். யோசனை ரொனால்ட் ரிட்கர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞருடையது. பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண் தொழிலாளி ஒவ்வொருத்தி பேரிலும் ஒரு சேமிப்புக் கணக்கு. கர்ப்பம் இல்லாத ஒவ்வொரு மாதமும் நிர்வாகம் அதில் 5 ரூபாய் போடும். பிள்ளை எண்ணிக்கை ஒரு வரம்பைத் தாண்டினால் சேர்ந்த பணத்தில் ஒரு பங்கு போய்விடும். பிள்ளை பெறும் வயது முடிந்த பிறகுதான் மொத்தமாகக் கைக்கு வரும். பெரும்பாலான பெண்கள் சேர்ந்தார்கள். ஆபரேஷன் செய்தால்தான் பணம் என்ற நிபந்தனை இல்லை. எந்த வழியைக் கையாள்வது என்பது அவள் பாடு.

இதற்குப் பின்னால் இருந்த கணக்கைப் புரிந்துகொள்வது முக்கியம். நிறையப் பிள்ளை பெறுவதற்கு ஏழைக் குடும்பம் சொல்லும் முதல் காரணம், வயசான காலத்தில் யார் கஞ்சி ஊற்றுவது என்பது. அந்தப் பயத்துக்கு ஒரு சேமிப்பு பதில் சொன்னால், பிள்ளை எண்ணிக்கை தானே குறையும் என்று ரிட்கர் வாதிட்டார். நிர்வாகம் ஏன் பணம் போட்டது என்றால், அதற்கும் லாபம் உண்டு. அன்றைய 1951 தோட்டத் தொழிலாளர் சட்டப்படி வீடு, மருத்துவம் எல்லாம் எஸ்டேட் பொறுப்பாக இருந்தது. 50 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் நடத்தியாக வேண்டியிருந்தது. 1961 மகப்பேறு சட்டப்படி அன்று 12 வாரச் சம்பளமும் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு பிரசவம் குறைந்தால் இத்தனை செலவு குறையும். அந்த மிச்சத்தில் ஒரு பங்கைத் தொழிலாளிக்கே கொடுக்கலாம் என்பதுதான் ஏற்பாடு.

எனக்கு இதில் இரண்டு மனம். ஒரு பெண்ணின் பேரில், அவள் புருஷன் தொட முடியாத பணம் சேர்ந்தது என்பது அந்தக் காலத்தில் பெரிய விஷயம். சம்பள நாளில் கூலி எந்தக் கடையில் கரைந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அதே சமயம், தவறிக் கர்ப்பமானவளின் சேமிப்பில் கைவைத்தது எனக்கு ஒப்பவில்லை. அவள் விருப்பப்பட்டா தங்கியது? புருஷனிடம் வேண்டாம் என்று சொல்லும் உரிமை இல்லாத வீட்டில், தண்டனை மட்டும் அவளுக்கு என்பது நியாயமே இல்லை. ஆகவே, யாரும் இழுத்துக்கொண்டு போய்க் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் நெருக்கடியே இல்லை என்றும் சொல்ல முடியாது.

திட்டம் வேலை செய்ததா என்றால், அந்தத் தோட்டங்களில் பிறப்பு குறைந்தது. அதை 5 ரூபாயின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. அதே வருஷங்களில் உப்பாசி ஒரு முழுமையான தொழிலாளர் நல்வாழ்வுத் திட்டத்தையும் பல தோட்டங்களில் நடத்தியது. என் அனுபவத்தில் மாற்றம் நடந்தது அங்கேதான்.

அந்தத் திட்டத்தின் உயிர் 'லிங்க் ஒர்க்கர்' என்று அழைக்கப்பட்டவர்கள். டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. அதே லைனில், அதாவது எஸ்டேட் குடியிருப்பு வரிசையில், குடியிருந்து, அதே காட்டில் இலை பறிப்பவர்கள். சில வீடுகளுக்கு ஒருவர் என்று பொறுப்பெடுத்து, யாருக்கு மாசம் தள்ளிப்போயிருக்கிறது, எந்தக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, யார் வீட்டில் தடுப்பூசி பாக்கி என்று பார்த்து ஆஸ்பத்திரிக்குச் சொல்வார்கள். கருத்தடையை இவர்கள் தனியாகப் பேசவில்லை. தண்ணீரைக் கொதிக்க வைப்பது, சீம்பால் கொடுப்பது, பேறுகாலத்தில் கீரையும் பருப்பும் சேர்ப்பது என்று வரிசையாக வரும் பேச்சில் அதுவும் ஒன்று. ஒரு பெண்ணுக்கு இரண்டு குழந்தை செத்திருந்தால், அவளிடம் போய் 'இரண்டு போதும்' என்று சொல்ல எந்த நாக்குக்கும் வராது. பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை முதலில் வர வேண்டும். தடுப்பூசியும் காப்பகமும் சுத்தமான தண்ணீரும் அந்த நம்பிக்கையைக் கொடுத்த பிறகு, கேட்காமலேயே பெண்கள் வந்து கேட்டார்கள்.

லைன் வீடு எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, அதில் மாமியார், கொழுந்தன், பிள்ளைகள். நிரோத் ஆணுறைப் பாக்கெட்டை எங்கே வைப்பது? மாத்திரை அட்டையை யார் கண்ணில் படாமல் எடுப்பது? லூப் என்ற கருப்பை வளையத்தைப் போட்டுக்கொண்டவளுக்கு ரத்தப்போக்கு அதிகமானால், மழையில் எத்தனை மைல் நடந்து காட்டுவது? 1965 வாக்கில் நாடு முழுக்க லூப்பைக் கொண்டுபோய்ப் போட்டார்கள், போட்ட பிறகு கவனிக்க ஆள் வைக்கவில்லை. ரத்தப்போக்கும் வலியும் கண்ட பெண்கள் ஊரெல்லாம் சொன்னார்கள். அந்தப் பயம் பல வருஷம் காப்பர் டி மேலும் ஒட்டிக்கொண்டது. பெண்கள் அறியாமையால் பயந்தார்கள் என்று அதிகாரிகள் எழுதியதை நான் ஏற்க மாட்டேன். பட்டவர்கள் பயந்தார்கள்.

இந்த மலையில் நேர் எதிரான ஒரு கதையும் உண்டு. தோடர் மக்களின் எண்ணிக்கை 1950களில் சில நூறுகளாக இறங்கியிருந்தது. பால்வினை நோயால் பல பெண்களுக்குக் கருத்தரிப்பதே நின்றுபோயிருந்தது. தோடர் இனத்திலேயே பிறந்து செவிலியராகப் படித்த ஈவம் பில்ஜைன், நடமாடும் மருந்தகத்தோடு மந்து (தோடர் குடியிருப்பு) மந்தாகப் போய் வைத்தியம் பார்த்தார். மக்கள்தொகை மெல்ல ஏறியது. பிள்ளை வேண்டும் என்றவர்களுக்குப் பிள்ளை கிடைக்கச் செய்ததும் இதே பெண்கள் நலக் கல்விதான். ஒரே மாவட்டத்தில், ஒரே காலத்தில், ஒரு பக்கம் குறைக்கவும் ஒரு பக்கம் கூட்டவும் பாடுபட்டிருக்கிறார்கள். இரண்டிலும் நடந்தது நம்பத்தக்க ஒரு பெண் வீட்டுக்கு வந்து பேசியதால்.

கூடலூரிலும் அப்படித்தான். 1980களின் பிற்பகுதியில் ஆதிவாசிகளிடையே பணி செய்யும் அக்கார்டு என்ற தொண்டு அமைப்பு பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் ஊர்களில் ஆதிவாசிப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பழக்கியது. 1990இல் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை வந்தது. அங்கே அரிவாள் செல் ரத்தசோகை என்ற பரம்பரை நோயும் உண்டு. அந்த நோய் உள்ளவளுக்குப் பிரசவமே ஆபத்து. எத்தனை பிள்ளை, எவ்வளவு இடைவெளி என்பது அவளுக்கு உயிர்ப் பிரச்சினை, அதை அவள் மொழியில் சொல்ல அவள் ஊர்க்காரி வேண்டும்.

 

நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 ஒரே ஆண்டில், நாட்டில் எண்பது லட்சத்துக்கும் மேல் கருத்தடை அறுவைகள் நடந்தன. அதில் முக்கால்வாசி ஆண்களுக்கு. வடக்கே நடந்த வன்முறை அளவுக்குத் தமிழ்நாட்டில் நடக்கவில்லை. ஆனால் அந்தப் பயத்தின் விளைவு இங்கும் வந்தது. 1977க்குப் பிறகு ஆண்களிடம் கேட்கவே யாரும் துணியவில்லை, பாரம் அப்படியே பெண்கள் தலையில் இறங்கியது. ஆசிரியர், கிராம நிர்வாக அலுவலர் வரை ஆள் பிடிக்க இலக்கு கொடுத்தார்கள். 1996இல்தான் இலக்கு முறையைக் கைவிட்டார்கள். தமிழ்நாட்டில் இன்று மணமான பெண்களில் பாதிக்கும் மேல் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆணுக்கான அறுவை சில நிமிஷ வேலை, வயிற்றைத் திறக்கத் தேவையில்லை, மறுநாள் நடமாடலாம். அப்படியிருந்தும் 'அவர் பாரம் தூக்கணும், அவருக்கு வேண்டாம்' என்று மனைவியே சொல்வாள். கூடையில் இருபது கிலோ பச்சை இலையைச் சுமப்பவள் அவள்தான்!

இப்போது சித்தி மகள் விஷயம். ஆபரேஷன் மட்டும்தான் வழி என்பது தவறு. பிரசவம் முடிந்த 48 மணி நேரத்துக்குள் காப்பர் டி போட்டிருக்கலாம், அது தாண்டியிருந்தால் ஆறு வாரம் கழித்துப் போடலாம். வகையைப் பொறுத்து 5 அல்லது 10 வருஷம் இருக்கும், வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் 'அந்தரா' ஊசியைப் பால் கொடுப்பவர்களும் ஆறு வாரத்துக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம். முதல் சில மாதம் தீட்டு முன்னே பின்னே வரும், நின்றும் போகலாம். நிறுத்திய பிறகு மறுபடி கர்ப்பம் தரிக்கச் சில மாதம் ஆகும், அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 'சாயா' மாத்திரையில் ஹார்மோன் இல்லை. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, அப்புறம் வாரம் ஒன்று. ஹார்மோன் உள்ள 'மாலா' வகை மாத்திரையைப் பால் கொடுக்கும் முதல் ஆறு மாதம் தொட வேண்டாம். இவையெல்லாம் அரசுத் திட்டத்தில் இலவசம். பப்பாளி, எள், அன்னாசி என்று பக்கத்து வீட்டில் சொல்வதை நம்பிக் கர்ப்பத்தைத் தடுக்க முயல வேண்டாம்.

அவளே ஆபரேஷன்தான் வேண்டும் என்று முடிவெடுத்தால் அதுவும் நல்ல முடிவுதான். கையெழுத்து அவளுடையது மட்டும் போதும், புருஷன் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை. தவறிக் கர்ப்பமானால், 1971 கருக்கலைப்புச் சட்டமும் அதன் 2021 திருத்தமும் சொல்வது இது: சட்டம் சொல்லும் காரணங்களுக்குள் வந்தால் 20 வாரம் வரை ஒரு மருத்துவர் ஒப்புதல் போதும், சில நிலைகளில் இரண்டு மருத்துவர்கள் ஒப்புதலோடு 24 வாரம் வரை கலைக்கலாம். கருத்தடை முறை தோற்றுப்போனது சட்டம் ஏற்கும் காரணங்களில் ஒன்று. 18 வயது நிரம்பியவளுக்கு இதிலும் வேறு யார் சம்மதமும் வேண்டாம். விவரத்தை வெளியே சொல்வது சட்டப்படி குற்றம். எங்களோடு வந்த ஒரு பெண்ணைப் 'புருஷனைக் கூட்டிட்டு வா' என்று ஓர் ஆஸ்பத்திரியில் மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். அப்படி யாராவது சொன்னால், எந்த விதியில் இருக்கிறது என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

கிராம சுகாதார செவிலியரிடம் அவள் தனியாகப் பேச ஒரு கால் மணி நேரம் கிடைக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது வேண்டாம். ரத்த அளவை அன்றைக்கே பார்த்துவிடச் சொல்லுங்கள். நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் 104க்குப் போன் செய்து தமிழிலேயே கேட்கலாம்.